நீச்சல் குள பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லையா?

அபார்ட்மென்ட் குளத்தில் இப்படி ஆனால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். முதலில் நீர்மட்டம் ஸ்கிம்மர் (குளத்துச் சுவரில் மேல்தண்ணீரை உள்ளிழுக்கும் திறப்பு) வாயின் பாதிக்காவது இருக்கிறதா பாருங்கள்; சென்னையின் மே மாத வெயிலில் மளமளவென்று இறங்கிவிடும். அப்புறம் சுவிட்சை அணைத்து, வால்வுகளை மூடிவிட்டு, பம்புக்கு முன்னால் உள்ள வடிகூடையைத் திறங்கள். பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் சொல்லவே வேண்டாம், இலை அடைத்துக்கொண்டிருக்கும்.

கூடை சுத்தமாக இருந்தும், பம்ப் ஓடும்போது மூடி வழியே நிறைய குமிழ்கள் தெரிகின்றனவா? எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் மூடிக்கடியில் இருக்கும் ரப்பர் வளையம்தான். மண்ணைத் துடைத்து, வெடிப்பு இல்லையென்றால் சிலிகான் கிரீஸ் தடவுங்கள்; பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரைக் கெடுத்துவிடும். கூடைப் பகுதியில் தண்ணீர் நிரப்பி மூடி, வால்வுகளைத் திறந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் கெப்பாசிட்டர் (மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் மின்பாகம்) போயிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அதில் சார்ஜ் நிற்கும், எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.