மரமும் மனிதரும் ஒரே தாளில்: இருட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைபாதை மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஃபிலிம் நெகட்டிவில் அவரும் இருக்கிறார், மரமும் இருக்கிறது. பிரிண்ட் போட்டு முடித்தால் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது, மரம் வெறும் கறுப்புத் திட்டு. நகரத்து மரங்களையும் மனிதர்களையும் சேர்த்துப் படமெடுப்பவர்கள் அதிகம் செய்கிற தவறு இதுதான். அவருக்கும் அந்த நிழலுக்கும் உள்ள உறவைச் சொல்பவை நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள். அவை போனால் மிஞ்சுவது ஒரு முகப்படம்.

காரணம் பெரும்பாலும் மிகையான கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம். கான்ட்ராஸ்ட்டை மாற்றும் ஃபில்டர்களில் எண் கூடக் கூட அதுவும் கூடும்; 4, 5ஆம் கிரேடு ஃபில்டர்கள் முதல் பார்வையில் மயக்கும். இலைகளின் அடுக்கும் பட்டையின் வெடிப்பும் அதில்தான் மூழ்கிப்போகும். 2ஆம் கிரேடில் ஆரம்பியுங்கள். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்க்கும் சோதனைத் தாள்) முகத்தின் மேல் மட்டும் வைக்காமல், முகமும் இலையும் அதில் விழும்படி குறுக்காக வையுங்கள். ஒளி காட்டும் நேரத்தையும் 5, 10, 15 விநாடி என்று சமமாகக் கூட்ட வேண்டாம், கடைசிப் பட்டைகளுக்குள் வித்தியாசமே தெரியாது. 5, 7, 10, 14, 20 விநாடி என்று போனால் ஒவ்வொரு படியும் தெளிவாகப் பிரியும். நெகட்டிவிலேயே நிழலில் ஒன்றும் பதியவில்லை என்றால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. அதனால் படமெடுக்கும்போதே மரத்தடி நிழலில் ஒளியை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது டாட்ஜிங்: தாளில் ஒளி விழும்போது ஒரு பகுதியைச் சிறு அட்டையால் மறைத்து வெளுப்பாக்குவது. அட்டையை ஒரே இடத்தில் பிடித்தால் தலையைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். பின்னால் இலைகள் இருந்தால் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அட்டை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற பழக்கம் ஒன்று உண்டு: கறுத்த முகத்தை டாட்ஜ் செய்து வெளுப்பாக்குவது. அந்தத் தோலில் நெற்றியின் மினுமினுப்பிலிருந்து கழுத்தின் நிழல் வரை எத்தனையோ படிகள் இருக்கின்றன. முகத்தைத் தொடாமல், பின்னால் கண்ணைப் பறிக்கும் வானத்தைக் கொஞ்சம் பர்ன் செய்து, அதாவது அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டிக் கறுப்பாக்கிப் பாருங்கள். முகம் தானாக முன்னுக்கு வரும்.

டெவலப்பரிலிருந்து (தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்) பிரிண்டைச் சீக்கிரம் தூக்குவதும் பலர் செய்கிற தவறு. தாளைப் பாதிக்காத இருட்டறை விளக்கான சேஃப்லைட்டின் சிவப்பு வெளிச்சத்தில் எல்லாமே உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும், பயந்துபோய்ப் பாதியில் எடுத்துவிடுவார்கள். மரத்தின் கறுப்பு சேற்று நிறமாகிவிடும். 20 டிகிரி செல்சியஸில் ஃபைபர் தாளுக்கு (பிளாஸ்டிக் பூச்சில்லாத பிரிண்ட் தாள்) பொதுவாக 2 முதல் 3 நிமிடம் கொடுங்கள். அப்புறமும் கறுப்பு அதிகமென்றால் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரில் ஒளி காட்டும் நேரத்தைக் குறையுங்கள். ஈரமாக இருக்கும்போதே ‘சரியாக வந்துவிட்டது’ என்று முடிவு கட்டவும் கூடாது. ஃபைபர் தாள் காய்ந்தபின் ஒரு சாயல் இருண்டுவிடும்.

சேஃப்லைட்டையும் கண்மூடி நம்ப வேண்டாம். தாளுக்கு லேசான சாம்பல் வருமளவு ஒளி காட்டி, மேலே ஒரு நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டின் கீழ் 7 நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு தாளைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு தவறு இருட்டறைக்கு வெளியே நடக்கிறது. மரத்துக்கு அளவு காட்டும் பொம்மை போல மனிதரைத் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவது. போய்ப் பேசுங்கள். தினமும் அங்கேதான் உட்காருவாரா, எந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் திரும்பப் போனால் வேறு படம் கிடைக்கும்.

அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுப்பதாகச் சொன்னால், சோதனைக்குப் போட்டு ஒதுக்கியதைக் கொடுக்காதீர்கள். பழைய ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போட்டு அவசரமாக அலசிய தாள் நாளடைவில் மஞ்சளாகிக் கறை படியும். புது ஃபிக்ஸர் ஊற்றி, ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் அலசி, அதன் பிறகு கொடுங்கள்.