பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? இந்தத் தப்புகள் வேண்டாம்

போன மாதம் ஒரு பள்ளியில் முதலுதவி வகுப்பு. பயிற்சி கொடுக்க இரண்டு நர்சிங் மாணவிகள் வந்திருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத் தயாரித்துத்தான் வந்திருந்தார்கள். ஆனால் ஆரம்ப காலத்தில் நான் செய்த தப்புகளை வரிசைகூட மாறாமல் செய்தார்கள். மைக் மக்கர் செய்வது, பேண்டேஜ் மறந்துபோவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

"புரிஞ்சுதா?"

கேட்காதீர்கள். அறுபது பேரும் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள்.

பொம்மையோடு பீரியடை முடிப்பது

நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மையைத் தரையில் போட்டால் போதும், வகுப்பே களைகட்டிவிடும். பிள்ளைகள் வரிசையில் முண்டியடிப்பார்கள், ஹெச்.எம். போட்டோ எடுப்பார். பொம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. 12 வயதிலிருந்து வருஷத்துக்கு 2 மணி நேரம் இதைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற யோசனையை உலக சுகாதார நிறுவனமே 2015-ல் ஆதரித்தது. ஆனால் பெரியவர் ஒருவரின் நெஞ்சை 5 செ.மீ. அமுக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு எடை போதாது. அவர்களால் முடிகிற வேலை போன் செய்வது. அதைத்தான் நான் "108-க்குக் கூப்பிடணும், சரியா?" என்று ஒரே வரியில் தாண்டிப்போனேன்.

நான் அப்படித் தாண்டிப்போன ஒரு வகுப்பில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. சில மாதம் கழித்து ஒரு நாள், வீட்டில் அவளும் பாட்டியும் மட்டும். பாட்டி கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது, வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. பக்கவாதம். வீட்டில் இருந்த போன் லாக் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடி, அவர்கள் போனில் 108 போட்டாள். "மாரியம்மன் கோயில் தெரு, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கட் செய்துவிட்டாள்.

எடுத்தவர் சென்னையில் இருக்கிறார். தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில் தெருவுக்கா பஞ்சம்? அவர் திருப்பி அழைத்தபோது வழி சொல்ல ஆளில்லை, போனுக்குச் சொந்தக்காரர் ஆட்டோ தேடிப் போயிருந்தார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ஸ்கேன் எடுப்பதும் அதற்குள்தான். பாட்டி பிழைத்தார், வலது கை வரவில்லை. "நம்பர் சரியாத்தான் மிஸ் போட்டேன்" என்றாள். சரியாகத்தான் போட்டிருக்கிறாள். எரிச்சல் எல்லாம் என்மேல்தான்.

இப்போது என் வகுப்பில் பாதி நேரம் போன்தான். இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போடுவேன். ஒரு பிள்ளை 108, இன்னொன்று வீட்டில். என்ன ஆச்சு, எந்த ஊர், எந்த ஒன்றியம், எந்த மாவட்டம், பக்கத்தில் என்ன அடையாளம், கூப்பிட்டால் முழிக்கிறாரா? அவர்கள் வைக்கச் சொல்லும்வரை வைக்கக்கூடாது. (நிஜ 108-ஐ அழைத்துப் பழக வேண்டாம்!) லாக் ஆன போனிலும் அவசர அழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் 112 போகும் என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் போனைக் கையில் கொடுத்தே காட்டுகிறேன், டயல் செய்யாமல்.

வீரக்கதை சொல்வது

குளத்தில் குதித்துக் காப்பாற்றிய பையன் கதையைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அடுத்த லீவில் ஒருவன் முழுகுவான், அவனைப் பிடிக்க இன்னொருவன் குதிப்பான். கத்து, கயிறோ தாவணியோ கம்போ நீட்டு, தண்ணீரில் இறங்காதே. இதைத் தவிர வேறெதுவும் சொல்லாதீர்கள்.

சாவிக்கொத்து

வலிப்பு வந்தவர் கையில் இரும்பு வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வை, மணியைப் பார், 5 நிமிஷம் தாண்டினால் 108. இதற்குப் பிள்ளைகளைவிட டீச்சர்கள்தான் அதிகம் சண்டை போடுவார்கள்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் கிளம்புவது

வீட்டு முகவரியையும் வழியையும் எழுதி, தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். மறுவாரம் போய்ப் பாருங்கள். ஒரு முறை நான் போனபோது ஒரு சின்னப் பெண் வெறும் தாளோடு நின்றாள். "எங்க தெருவுக்குப் பேரே இல்லை மிஸ்." வகுப்பே சேர்ந்து யோசித்து எழுதினோம்: ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து, வேப்பமரம் தாண்டி, நீலக் கதவு.