சின்ன ஃபிளாட்பெட் கொம்பனியில் வேலைக்குச் சேரும் புது ட்ரைவர்களுக்கு

பெரிய ட்ராக்டர்-ட்ரெய்லர் ஓட்டுகிற ஏ.இசட். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒன்ராறியோவில் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் டிரை வான் எனப்படும் மூடிய பெட்டி ட்ரெய்லர் இழுக்கத்தான் போவார்கள். கதவைப் பூட்டி சீல் அடித்துத் தருவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் 401 ஹைவேயில் ஓடிக்கொண்டு போகலாம். ஃபிளாட்பெட், அதாவது சுவரும் கூரையும் இல்லாத தட்டையான ட்ரெய்லர், அப்படியில்லை. சாமான் வெளியில் கிடக்கிறது, கட்டுவது நீங்கள், மூடுவது நீங்கள், நடுவழியில் அவிழ்ந்தால் பொலிஸ் முதலில் கதைக்கப் போவதும் உங்களோடுதான். அதிலும் ஐந்தாறு ட்ரக் வைத்திருக்கிற கொம்பனி என்றால் சேஃப்டி டிபார்ட்மென்ட், ட்ரெயினிங் யார்ட் எதுவும் இருக்காது. முதலாளியே டிஸ்பாட்ச் (லோட் பார்த்து ட்ரைவரை அனுப்புகிறவர்), சில இடங்களில் மெக்கானிக்கும் அவரேதான். ஆகவே மைலுக்கு எத்தனை சதம் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எனக்கு லோட் கட்டப் பழக்கப் போவது யார்?

2017 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் ஏ லைசென்ஸுக்கு மெல்ட் என்கிற கட்டாயப் பயிற்சி இருக்கிறது, குறைந்தது 103.5 மணித்தியாலம். அதில் பெரும்பகுதி ஓட்டத்துக்கும் ரிவர்ஸுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் போய்விடும். செயினை இறுக்குகிற பைண்டரைத் தொட்டே பார்க்காமல் லைசென்ஸ் எடுத்தவர்கள் நிறையப் பேர். "ரெண்டு நாள் கூட ஓடினால் பிடிபட்டுவிடும்" என்று முதலாளி சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இரும்பு, மரம், மெஷின் என்று மூன்று வகை லோடையாவது பழைய ட்ரைவர் ஒருவர் பக்கத்தில் நிற்க உங்கள் கையாலேயே கட்டி அவிழ்த்த பிறகுதான் தனியே விட வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்கிற முதலாளி மைலுக்கு இரண்டு சதம் குறைத்துத் தந்தாலும் நான் அங்கேதான் சேரச் சொல்வேன்.

சின்னக் கொம்பனிகள் புது ஆளை எடுக்கத் தயங்குவதற்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ்தான் காரணம். இரண்டு மூன்று வருட அனுபவம் இல்லாதவரைப் பொலிசியில் போட இன்சூரன்ஸ்காரர் மறுப்பார், இல்லாவிட்டால் பிரீமியத்தை ஏற்றுவார். அப்படியிருக்க ஒருவர் அப்ஸ்ட்ராக்ட் (உங்கள் ஓட்டுநர் பதிவுத் தாள்) கேட்காமல், ரோட் டெஸ்ட் எடுக்காமல் "நாளைக்கே வா" என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயர் பொலிசியில் ஏறிவிட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கொம்பனியையும் நீங்கள் விசாரிக்கலாம். அமெரிக்கா ஓடுகிற ட்ரக்கின் கதவில் யு.எஸ். டொட் நம்பர் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கொம்பனிக்குத் தருகிற பதிவு எண்) இருக்கும், அதை சேஃபர் என்கிற அமெரிக்க அரசு தளத்தில் போட்டால் கடந்த 24 மாதத்தில் எத்தனை இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது, அதில் எத்தனை தரம் வண்டியை ஓட விடாமல் நிறுத்தினார்கள், எத்தனை விபத்து என்று எல்லாம் வரும், காசும் இல்லை. ஒன்ராறியோவில் சி.வி.ஓ.ஆர். என்கிற, ட்ரக் கொம்பனிகளின் மாகாணப் பதிவு அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, "உன் பெயரில் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வா" என்கிற கதை. ட்ரக் அவருடையது, டீசல் அவருடையது, எங்கே எப்போது போவது என்று சொல்வதும் அவர், ஆனால் காகிதத்தில் மட்டும் நீங்கள் தனி வியாபாரி. கையில் வருகிற செக் பெரிதாகத் தெரியும். ஆனால் சி.பி.பி. என்கிற ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கு இல்லை, வேலை போனால் ஈ.ஐ. என்கிற வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, விடுமுறைக் காசு இல்லை, ஓவர்டைம் இல்லை, லோடிலிருந்து விழுந்து கால் முறிந்தால் யார் பார்ப்பது என்பதும் கேள்விக்குறி. மாகாணம் தாண்டியோ எல்லை தாண்டியோ ஓடுகிற கொம்பனி கனடா தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும், ஊழியரை இப்படி வேறு பெயரில் வைத்திருப்பதை அந்தச் சட்டம் 2021 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. எங்கள் ஆட்களின் கொம்பனி, ஊர்க்காரர், அண்ணை ஏமாற்ற மாட்டார் என்று நினைத்துக் கையெழுத்து வைக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அண்ணை நல்லவராகவே இருக்கட்டும், பேஸ்லிப்போடு சம்பளம் தரட்டும்.

சம்பளம் இரண்டு விதம், மைலுக்கு இவ்வளவு அல்லது லோட் காசில் இத்தனை வீதம். வீதம் என்றால் லோடுக்கு எவ்வளவு காசு என்று எழுதியிருக்கிற ரேட் கன்ஃபர்மேஷன் தாளைக் காட்டுவாரா, டீசலுக்கென்று மேலதிகமாக வருகிற ஃபியூவல் சர்சார்ஜையும் சேர்த்தா கணக்கு என்று முதலே கேளுங்கள். தறப்பாள் மூடினால் எவ்வளவு, காத்திருக்க வைத்தால் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு காசு தொடங்கும், லோட் கிடைக்காமல் ஒரு இரவு ஒஹையோவில் கிடந்தால் என்ன தருவார், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும். டிசம்பர், ஜனவரியில் கட்டட வேலை படுத்துவிடும். இரண்டு மூன்று வாடிக்கையாளரை நம்பி ஓடுகிற இடத்தில் அந்த மாதங்களில் வீட்டில் இருக்க நேரலாம், கையில் கொஞ்சம் காசு வைத்துக்கொண்டு சேருவது நல்லது.

இனி கட்டுகிற வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அடிப்படை ஒன்றுதான்: கட்டுகிற செயின், ஸ்ட்ராப் எல்லாவற்றின் வேலைத்தாங்குதிறனையும் கூட்டினால் லோடின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. அதோடு நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, முன்னால் தடுப்பு இல்லாத சாமானுக்கு முதல் 10 அடிக்கு இரண்டு கட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 10 அடிக்கும், மிச்சம் ஒரு அடி வந்தாலும், இன்னுமொன்று. இரண்டில் எது கூடவோ அதுதான் குறைந்தபட்சம். 40 அடி நீளமான ஒரே இரும்பு பீம் கட்டு, 40,000 பவுண்ட் என்று வையுங்கள். பாதி 20,000. எட்டில் மூன்று அங்குலத் தடிப்பு, கிரேட் 70 (கிரேட் என்பது இரும்பின் பலத்தைக் காட்டும் எண்) செயின் ஒன்று 6,600 பவுண்ட் தாங்கும். மூன்று போட்டால் 19,800, இருநூறு பவுண்ட் குறைகிறது, ஆகவே நான்கு. ஆனால் நீளக் கணக்கு ஐந்து கேட்கிறது, அப்போ ஐந்து. நான் ஆறு போடுவேன். இது சாமானுக்கு மேலாகப் போய் மறுபக்கம் இறங்குகிற கட்டுக்கான கணக்கு. ட்ரெய்லரில் தொடங்கி சாமானிலேயே கொளுவி முடிகிற கட்டு என்றால் பாதிதான் எண்ணப்படும், மெஷின் கட்டும்போது இதை மறந்துவிடாதீர்கள். செயினில் கிரேட் அடையாளம் இல்லாவிட்டால் அமெரிக்க இன்ஸ்பெக்டர் அதை கிரேட் 30 என்றுதான் எடுப்பார், அப்போது அதே தடிப்புச் செயின் 2,650-க்கு இறங்கிவிடும். நான்கு அங்குல ஸ்ட்ராப்பும் அப்படியே: லேபிளில் 5,400 இருக்கும், லேபிள் கிழிந்துபோனால் 4,000. முடிச்சுப் போட்ட ஸ்ட்ராப் அடியோடு கூடாது. முதலாளி தருகிற கட்டுச் சாமானை முதல் நாளே ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள், நைந்தது வெட்டுப்பட்டது இருந்தால் அன்றைக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள், பிறகு சொன்னால் நீங்கள் வெட்டியதாகத்தான் முடியும்.

ஸ்ட்ராப்பை எறிவதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். கூர்மையான விளிம்பு வருகிற இடமெல்லாம் எட்ஜ் ப்ரொடெக்டர் என்கிற விளிம்புக் காப்பு வைக்க வேண்டும், இரும்புத் தகட்டின் ஓரம் பள்ளத்தில் ஒரு குலுங்கலிலேயே ஸ்ட்ராப்பை அறுத்துவிடும். ஸ்ட்ராப் காற்றில் படபடக்கிற இடத்தில் அதற்கு ஒரு முறுக்கு விட்டால் சத்தமும் நிற்கும் தேய்வும் குறையும். ஸ்ட்ராப்பை இறுக்குகிற இரும்புக் கம்பியான வின்ச் பார் வழுக்கி முகத்தில் அடித்துப் பல்லை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், ஆகவே பார் துவாரத்துக்குள் முழுவதும் போயிருக்கிறதா என்று பார்த்து, முகத்தை அதன் நேர்க்கோட்டிலிருந்து விலக்கிவிட்டு அழுத்துங்கள். பைண்டரில் லீவர் வேண்டாம், ராட்செட் கேளுங்கள். லீவர் திருப்பி அடித்தால் கை மிஞ்சாது. கட்டி முடித்துப் புறப்பட்டால் முதல் 50 மைலுக்குள், கனடாவில் 80 கிலோமீட்டருக்குள், நிறுத்தி ஒரு தரம் இறுக்கிப் பார்க்க வேண்டும். விதி அது, ஆனால் நான் ஐந்து மைலிலேயே நிறுத்துவேன், மரம் என்றால் அதற்குள்ளேயே அமுங்கி ஸ்ட்ராப் தளர்ந்திருக்கும். அதன் பிறகு 150 மைல் அல்லது மூன்று மணித்தியாலம், எது முதலில் வருகிறதோ அப்போது.

தறப்பாள்தான் புது ஆட்களை வேலையை விட்டு ஓட வைப்பது. மரத்துக்குப் போடுகிறது ஒன்று நூறு பவுண்ட் வரை வரும், பனிக்காலத்தில் உறைந்து பலகை மாதிரி நிற்கும். தோளில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறாதீர்கள், ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் மரியாதையாகக் கேட்டால் மேலே வைத்துத் தருவார். பின் தறப்பாளை முதலில் விரித்து, முன் தறப்பாளை அதன் மேல் ஏறுகிற மாதிரிப் போடுங்கள், மாறிப் போட்டால் காற்று உள்ளே புகுந்து பலூனாக ஊதிக் கிழித்துவிடும். தறப்பாளை மாட்டுகிற கொக்கி வைத்த ரப்பர் பட்டியை (பஞ்சி) இழுக்கும்போது உங்கள் முகத்தை நோக்கி இழுக்காதீர்கள், கொக்கி கழன்றால் நேரே கண்ணுக்குத்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்யக் கூடாது. காற்றுப் பலமாக இருந்தால் மேலே ஏறாமல் காத்திருங்கள், கஸ்டமர் கத்தட்டும். கட்டி மூட இரண்டு மணித்தியாலம் போனால் அதுவும் ஆன் டியூட்டிதான், வேலை நேரப் பதிவில் (லொக்) அப்படியே போடுங்கள். அமெரிக்காவில் 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியால ஓட்டம் என்கிற கணக்கில் அந்த இரண்டு மணித்தியாலமும் 14-க்குள் சேரும் என்பதை டிஸ்பாட்சுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஹமில்ரன் பக்கம் ஸ்டீல் கொயில், அதாவது இரும்புத் தகட்டுச் சுருள், நிறைய ஏறும். முதல் மாதங்களில் வேண்டாம் என்று சொல்லுங்கள். 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட கொயிலுக்குத் தனி விதி, சுருளின் நடு ஓட்டை பார்க்கிற திசையைப் பொறுத்துக் கட்டும் மாறும். ஓட்டை ட்ரெய்லரின் பக்கங்களைப் பார்க்கக் குறுக்காக வைத்தால் முன்னோக்கி உருண்டு வரக்கூடியது, அதை ட்ரைவர்கள் சூசைட் என்றே சொல்வார்கள்.

எல்லை தாண்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டையோடு இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும், ட்ரக் ஓட்ட பி-1 போதும். ஆனால் அந்த விசாவில் அமெரிக்காவுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்க முடியாது, கனடியப் பாஸ்போர்ட் இருந்தாலும் இதே கதைதான். "இண்டியானாவில் ஒன்றை எடுத்து மிச்சிகனில் போட்டுவிட்டு வா, வழியில்தானே" என்று டிஸ்பாட்ச் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள். பிடிபட்டால் போவது உங்கள் விசா. மற்றது கஞ்சா. கனடாவில் 2018-இலிருந்து சட்டப்படி வாங்கலாம், ஆனால் அமெரிக்கா ஓடுகிற ட்ரைவருக்கு போதைப்பொருள் சோதனையில் வந்தால் வேலை நிற்கும்.

சின்னக் கொம்பனியின் நல்ல பக்கமும் இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்றால் ஒரு ஃபோன் போதும், கேட்பவர் முடிவெடுக்கக்கூடியவர். ஒரு வருடத்தில் வான் ட்ரைவர் ஐந்து வருடத்தில் காணாத சாமானெல்லாம் கட்டிப் பழகிவிடுவீர்கள். ஆனால் அதே ஃபோனில்தான் "கொஞ்சம் ஓவர்வெயிட், எடை பார்க்கிற ஸ்கேலை விட்டுச் சுற்றிப் போ" என்பதும் வரும். மாட்டேன் என்பதை மெசேஜில் எழுதி அனுப்புங்கள், ஃபோனில் சொன்னதற்கு அடுத்த நாள் சாட்சி இருக்காது. லோட் கட்டி முடித்ததும் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ட்ரெய்லரைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் எத்தனை செயின், பைண்டர், ஸ்ட்ராப் என்று எண்ணி அதையும் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்புங்கள், கடைசிச் சம்பளத்தில் காணாமல் போன சாமானுக்கென்று காசு வெட்டுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.