ஒருவரின் நல்ல மனத்தை ஆங்கிலத்தில் இயல்பாகப் பாராட்டுவது எப்படி?

உதவி செய்தவரிடம் 'தேங்க் யூ' என்று சொல்வது அந்த உதவிக்கான நன்றியாகிறது. அதைச் செய்த மனத்தையும் பாராட்ட நினைத்தால் இன்னும் ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. அப்போது பலருக்கு முதலில் நாவில் வருவது 'யூ ஆர் எ வெரி கைண்ட் பர்சன்' என்பதுதான். இலக்கணத்தில் பிழையில்லை என்றாலும், நேருக்கு நேர் சொல்லும்போது அது நன்னடத்தைச் சான்றிதழ் வாசிப்பது போல ஒலிக்கும். ஆங்கிலத்தில் அன்றாடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆளின் குணத்தை அளந்து சொல்லாமல், அவர் செய்த காரியத்தைச் சுட்டியே பாராட்டுவார்கள்.

முதல் படி

அவர் என்ன செய்தார் என்பதை ஒரு சிறு வினைச்சொல்லில் பிடியுங்கள்: காத்திருந்தார், நினைவு வைத்துக் கேட்டார், வீடு வரை கொண்டுவந்து விட்டார். 'தட்ஸ் சோ கைண்ட் ஆஃப் யூ' என்று பொதுவாகச் சொன்னாலும் போதும். செயலையும் சேர்த்தால் சொல்லில் உண்மை கூடும்.

இரண்டாம் படி

எனக்கு நெடுநாள் தயக்கம் தந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு வெய்ட்' என்பதே சரி. நடுவில் 'ஃபார் யூ' வராது. ஆனால் 'இட் வாஸ் ஈஸி ஃபார் யூ டு வெய்ட்' என்பதில் 'ஃபார்'தான் வர வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. அந்தச் சொல்லை ஆளுக்கே பொருத்திப் பாருங்கள். 'யூ ஆர் கைண்ட்' என்று சொல்ல முடிகிறது, ஆகவே 'ஆஃப்'. காத்திருப்பது எளிது என்ற பொருளில் 'யூ ஆர் ஈஸி' என்று சொல்ல முடியாது, ஆகவே 'ஃபார்'. நைஸ், ஸ்வீட், தாட்ஃபுல், ஜெனரஸ் ஆகிய சொற்களையும் இவ்வாறே சோதித்தால், செயலைப் பாராட்டும் இந்த அமைப்பில் எல்லாவற்றுக்கும் 'ஆஃப்' வருவதைக் காண்பீர்கள்.

மூன்றாம் படி

எல்லாவற்றுக்கும் 'கைண்ட்' என்ற ஒரே சொல்லைப் போடாதீர்கள். உங்களுக்குத் தேர்வு என்று எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, அன்று காலை ஒருவர் வாழ்த்து அனுப்பினால் அது 'தாட்ஃபுல்'. நீங்கள் உறங்குவதைப் பார்த்து அடுத்த அறைக்குப் போய்ப் பேசினால் 'கன்சிடரேட்'. பணத்தையோ நேரத்தையோ தாராளமாகக் கொடுத்தால் 'ஜெனரஸ்'. 'ஸ்வீட்' என்பதை நெருங்கியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; மேலதிகாரியிடம் அதைத் தவிர்ப்பதே நல்லது. இவற்றுள் என் விருப்பம் 'தாட்ஃபுல்'தான். தன்னை ஒருவர் நினைத்துப் பார்த்தார் என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடுகிறது.

நான்காம் படி

ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லும்போது குணத்தைத் தாராளமாகப் பேசலாம். 'ஹி ஹாஸ் எ ஹார்ட் ஆஃப் கோல்ட்' என்பது இன்றும் வழக்கில் உள்ளது. தன் வேலையை விட்டுவிட்டு வந்து உதவியவருக்கு 'ஷீ வென்ட் அவுட் ஆஃப் ஹெர் வே டு ஹெல்ப் மீ' பொருத்தமாக அமையும். நம்மிடையே புழங்கும் 'ஹெல்பிங் மைண்ட்' என்ற தொடர் வெளிநாட்டவருக்கு எளிதில் விளங்காது; அங்கே 'ஹீ இஸ் ஆல்வேஸ் வில்லிங் டு ஹெல்ப்' என்று சொல்லுங்கள்.

பழகுவதற்கு மொழிபெயர்ப்புச் செயலியைவிட, கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்ட் அல்லது லாங்மேன் அகராதியையே நான் பரிந்துரைப்பேன்; ஒரு சொல்லுக்குப் பின் என்ன வரும் என்பதை அவை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டுகின்றன. தொனியைக் கேட்க யூகிளிஷ் தளம் உதவும். அங்கே ஒரு தொடரைத் தட்டச்சு செய்தால், அதைப் பலர் பேசும் யூடியூப் காணொளித் துணுக்குகள் வரிசையாக ஓடும்.

பின்சேர்க்கை: பரிசு கொடுத்தபோது 'ஓ, யூ ஷுடன்ட் ஹேவ்!' என்று பதில் வந்ததால் மனம் சுருங்கியதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது கண்டிப்பு அன்று, 'எதற்கு இதெல்லாம்!' என்று நாம் மகிழ்ச்சியோடு சொல்வதற்கு நிகரான பாராட்டுதான். அதற்கு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. 'ஐ ஹோப் யூ லைக் இட்' என்று புன்னகையோடு சொன்னால் போதும்.