முன்சிறுகுடல் பயாப்சி ஸ்லைடைப் பார்ப்பது எப்படி?

நோய்க்குறியியல் படிக்க வருபவர்கள் பலரும் ஸ்லைடை வைத்ததுமே நோயைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். இயல்பான திசு கண்ணில் பதியாத வரை அந்தத் தேடலுக்குப் பலன் இல்லை. சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய். அந்த நோயா என்று பார்க்க எடுக்கும் முன்சிறுகுடல் பயாப்சியை (திசுத் துணுக்கை) வைத்துப் பழகலாம், வாருங்கள்.

படி 1: 4 எக்ஸ் லென்ஸில் துணுக்கு முழுவதையும் ஒரு சுற்று பாருங்கள். நீலமாகத் தெரிபவை நியூக்ளியஸ்கள், இளஞ்சிவப்பு சைட்டோபிளாசம். விரல் விரலாக நிற்பவை குடலுறிஞ்சிகள். அவற்றின் அடியில் குழாயாக இறங்குபவை கிரிப்டுகள். குடலுறிஞ்சியின் உயரம் கிரிப்டின் ஆழத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு இருந்தால் இயல்பு.

படி 2: உயரம் குறைவாகத் தெரிகிறதா? உடனே சீலியாக் என்று எழுதிவிடாதீர்கள். கிரிப்டுகளைப் பாருங்கள். நீளவாட்டில் குழாயாகத் தெரியாமல் வட்ட வட்டமாகத் தெரிந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் அளப்பது வீண். நல்ல இடம் கிடைக்காவிட்டால் பிளாக்கை (திசு பதித்த மெழுகுக் கட்டியை) இன்னும் சில லெவல் ஆழமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அடியில் வெளிர்நிறச் சுரப்பிகள் கொத்தாக இருக்கின்றனவா? அவை புரூனர் சுரப்பிகள். அவற்றின் மேல் நிற்கும் குடலுறிஞ்சிகள் இயல்பிலேயே கொஞ்சம் குட்டைதான்.

படி 3: அப்புறம் 40 எக்ஸ். உறிஞ்சும் செல்களின் நியூக்ளியஸ்கள் அடிப்பக்கமாக ஒரே வரிசையில் இருக்கும். நடுநடுவே சளி நிரம்பிய வெளிறிய கோப்லெட் செல்கள். செல்களுக்கு இடையே சிறிய, கருநீல லிம்போசைட்டுகளும் (ஒருவகை வெள்ளணுக்கள்) உண்டு. 100 எபிதீலிய (மேற்பரப்பை மூடும்) செல்லுக்கு 25-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். எங்கே இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்: இயல்பில் குடலுறிஞ்சியின் நுனியை நோக்கிப் போகப்போகக் குறையும், சீலியாக்கில் நுனியிலும் நெருக்கமாக இருக்கும். இந்த எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் போதாது. ஹெலிகோபாக்டர் என்ற இரைப்பைக் கிருமியின் தொற்றும் சில வலி மாத்திரைகளும்கூட இதைச் செய்யும். ரத்தத்தில் டிடிஜி ஆன்டிபாடி (சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா, நோயாளி அப்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள்.

படி 4: கடைசியாக, எபிதீலியத்துக்குக் கீழே உள்ள இணைப்புத் திசு. அங்கே பிளாஸ்மா செல்கள் (ஆன்டிபாடி சுரக்கும் செல்கள்) நிறைய இருப்பதைப் பார்த்ததும் அழற்சி என்று எழுதத் தோன்றும். குடலில் அவை இருப்பதுதான் இயல்பு. தேடித்தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்: எதிர்ப்பாற்றல் குறைபாடாக இருக்கலாம். ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) அளவைப் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.