குவில்ட் தைப்பவர்களின் பெரிய இஸ்திரிப் பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்க வாங்கும் பருத்தித் துணியின் அகலம் பெரும்பாலும் 42 முதல் 44 அங்குலம். இரண்டாக மடித்தால் 21, 22. வீட்டில் இருக்கும் இஸ்திரி மேசையோ 14, 15 அங்குலம்தான், அதிலும் ஒரு முனை கூம்பியிருக்கும். சட்டைக்கு அது போதும். நீளத் துணியை அதில் போட்டால் பாதி தரையை நோக்கித் தொங்கும். அந்தப் பாரம் இழுக்க இழுக்க நெசவு கோணிக்கொள்ளும். கோணிய துணியில் வெட்டிய சதுரம் எப்படிச் சதுரமாக இருக்கும்? அதனால்தான் தைக்கிறவர்கள் தாங்களே ஒரு பெரிய பலகை செய்துகொள்கிறார்கள்.

பினாங்கில் நான் இதுவரை இரண்டு பலகை செய்திருக்கிறேன். முதலாவது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, உறைக்கு அடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெளிநாட்டு வழிமுறைகளில் சொன்னபடியேதான் செய்தேன். குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களுக்காக எழுதியவை அவை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் நீராவி பலகைக்குள் இறங்கினால் எளிதில் வெளியே வராது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

முதலில் மரம். மலிவாகக் கிடைக்கிறதே என்று எம்டிஎஃப் அல்லது மரத்தூள் அழுத்திய பலகையை வாங்காதீர்கள். நீராவி பட்டதும் ஊதிப் பொரியும், பிறகு மட்டமாகாது. பிளைவூட்தான் சரி. 12 மில்லிமீட்டர் தடிமன் போதும். 18 மில்லிமீட்டர் இன்னும் உறுதி, ஆனால் 5 அடிக்கு 2 அடி பலகையே 10 கிலோ அளவுக்கு வந்துவிடும். நாளும் எடுத்து வைக்கிறவர்களுக்கு அது வேண்டாத சுமை. 8 அடிக்கு 4 அடி பிளைவூட் தாளை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 2 அடி அகலத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். அதில் ஒன்றை 5 அடியில் வெட்டினால், மீதி 3 அடி தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சின்னப் பலகைக்கு ஆகும். ஹார்ட்வேர் கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள், வீட்டில் கைரம்பத்தால் அறுத்து ஓரம் கோணலாவதைவிட அது நல்லது. வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்து, வாடை போகும்வரை சில நாள் காய விடுங்கள். ஈரம் முதலில் ஏறுவது அந்த ஓரங்களில்தான்.

அடுத்து மேலே விரிக்கும் பஞ்சு. இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைத்து ஸ்பாஞ்சு வைப்பார்கள். குவில்ட்டுக்கு மெத்தை எதிரி. கால் அங்குலத் தையல் ஓரம் தட்டையாகப் படிய அடியில் உறுதி வேண்டும். மெத்தையில் வைத்து அழுத்தினால் தையல் உள்ளே புதைந்து, ஓரத் தடம் மேல் துணியில் பளபளவென்று தெரியும். மேலும், பருத்திக்கு வைக்கும் மூன்று புள்ளிச் சூடு 200 டிகிரியை எட்டக்கூடியது. ஸ்பாஞ்சு அதைத் தாங்காது. பாலியஸ்டர் வாடிங்கும் (குவில்ட்டின் உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு) அப்படித்தான், சில வாரங்களிலேயே இறுகி அப்பளம்போல் ஆகிவிடும்.

வீட்டில் பழைய கெகாபு தலையணை இருக்கிறது, அந்த இலவம் பஞ்சை நிரப்பலாமா என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். “வேண்டவே வேண்டாம் அக்கா” என்றேன். இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், ஓரிடத்தில் நில்லாமல் கட்டி கட்டியாகவும் ஒதுங்கும். பூத்துவாலையும் வேண்டாம், அதன் சுருள் நூல் துணியில் தடம் பதிக்கும். நூறு விழுக்காடு பருத்தி வாடிங் இரண்டு அடுக்கு, அல்லது நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்திப் படுக்கை விரிப்பு நாலைந்து மடிப்பு. இவ்வளவுதான் வேண்டும்.

அப்புறம் அந்த வெள்ளித்தாள். மரம் நனையாமல் இருக்க, பஞ்சுக்கு அடியில் அலுமினியத் தாள் விரிக்கச் சொல்லுவார்கள். என் முதல் பலகையில் விரித்தேன். நீராவி தாளில் முட்டித் திரும்பி, தண்ணீராகி, பஞ்சிலேயே தங்கிவிட்டது. செப்டம்பர், அக்டோபர் மழையில் பலகையைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தேன். ஒருநாள் பிரித்துப் பார்த்தபோது தாளுக்கு மேலே முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். இரண்டாவது பலகையில் தாள் இல்லை. மரம் கொஞ்சம் ஈரம் குடிக்கிறது, விட்டும் விடுகிறது. பிளைவூட்டிலிருந்து பழுப்புக் கறை மேலேறுமோ என்ற பயத்துக்கு, அடியில் ஒரு மடிப்பு பழைய பருத்தித் துணி விரித்தேன். அதுவே போதுமாக இருக்கிறது.

மேலுறைக்கு பருத்தி கான்வாஸ் நல்லது. பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலோ துணி எடுக்கும்போது, பருத்தி என்று சொன்னதை மட்டும் நம்பாமல் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகித வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோல் உருண்டால் பாலியஸ்டர் கலந்தது. தீபாவளி ரவிக்கைத் துணியின் மிச்சத்தை மேலுறையாக்கும் வழக்கமும் உண்டு. கண்ணுக்கு அழகுதான். ஆனால் அடர் சிவப்பு, கருநீலச் சாயம் நீராவியில் கசிந்து வெள்ளைத் துணியில் ஏறும். பாத்தேக் துண்டுகளைத் தேய்க்கும்போதும் இதே கவனம் வேண்டும், அடியில் ஒரு வெள்ளைத் துணி போட்டுக்கொள்ளுங்கள். மேலுறையில் சாதாரணப் பேனாவால் கட்டம் போடுவதும் தவறு. மையும் ஏறும். கட்டம் வேண்டுமென்றால் கட்டம் நெய்த துணியையே வாங்கலாம்.

கான்வாஸை முதலில் ஊறவைத்து அலசிச் சுருங்க விடுங்கள். ஸ்டேபிள் கன்னால் அடிக்கும்போது ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வராதீர்கள், துணி முழுக்கச் சாய்ந்துவிடும். நான்கு பக்கமும் நடுவில் ஒன்று அடித்து, எதிரெதிராக இழுத்துக்கொண்டே மூலைக்குப் போங்கள். கடல் காற்றில் ஸ்டேபிள் துருப்பிடிக்கும், அதனால் எல்லாம் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கட்டும்.

இதற்கு மேல் இன்னொரு உறை, ஓரத்தில் நாடா கோர்த்துக் கழற்றும்படி தைத்துப் போடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கஞ்சி போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு இது கட்டாயம். தெறித்த கஞ்சி பலகையில் படிந்து, சூட்டில் பழுப்பாகி, அடுத்த துணியில் ஒட்டும். இரவில் கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் அழைக்கும். கழற்றித் துவைக்க முடிந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

பலகையை எதன் மேல் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மடக்கும் இஸ்திரி மேசை மேல் வைத்தால் இரண்டு பக்கமும் ஐந்து அங்குலம் வரை வெளியே நீட்டும். ஓரத்தில் கை ஊன்றினால் கவிழும், கூடவே சூடான பெட்டியும் விழும். குழந்தைகள் ஓடும் வீட்டில் இது வேண்டாம். இடுப்புக்குச் சற்று மேலே வரும் கனமான அலமாரிதான் நல்லது. வேறு வழியில்லை என்றால், பலகையின் அடியில் மேசையின் அகலத்துக்கு இரண்டு மரச்சட்டம் அடித்து, நகராமல் கவ்வ விடுங்கள். நீராவிப் பெட்டிகள் பல 2000 வாட்டைத் தாண்டும். சுருட்டி வைத்த நீட்டிப்பு வயரில் அதைச் செருகினால் வயர் கொதிக்கும். சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள்.

இடம் பெரிதாகக் கிடைத்ததும் சட்டை தேய்ப்பதுபோல் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டத் தோன்றும். துண்டுகள் சேர்த்துத் தைத்த சதுரத்தை, அதாவது பிளாக்கை, அப்படி ஓட்டினால், நெசவுக்கு மூலைவாட்டில் வெட்டிய முக்கோணங்கள் நீண்டுவிடும். வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். பிளாக் ஆறும்வரை பலகையிலேயே கிடக்கட்டும், சூட்டோடு தூக்கினால் வடிவம் மாறும்.

வேலை முடிந்ததும் பலகையை உடனே சுவரோடு ஒட்டிச் சாத்தாதீர்கள். நான் நாடா கோர்த்த உறையைக் கழற்றி, பலகையை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி மின்விசிறிக்கு எதிரே அரை மணி நேரம் நிறுத்துகிறேன். மழை நாளில் ஒரு மணி நேரம். உள்ளங்கையை வைத்துப் பார்த்து, குளுகுளு என்று இல்லாவிட்டால்தான் உள்ளே எடுத்து வைப்பேன்.