நீதிமன்றத் தாள்களில் ‘ப்ரெஜுடிஷியல்’ வந்தால் தமிழில் எப்படி எழுதுவது?

குண்டர் சட்டத்தில் ஒருவரை அடைத்தால், ஆணையின் ஆங்கிலப் பிரதியில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: பொது ஒழுங்கைப் பராமரிப்பதற்கு ‘ப்ரெஜுடிஷியல்’ ஆன முறையில் அவர் நடந்துகொண்டார் என்று. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டத்தின் சொற்கள் அவை. நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் அந்த இடத்தில் ‘பாரபட்சமான’ என்று போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர் தமிழ்ப் பிரதியைப் படித்துத்தான் அரசுக்கு முறையீடு எழுத வேண்டும். ‘பாரபட்சமாக நடந்துகொண்டாய்’ என்றால் அவர் எதை மறுப்பார்? காவலில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் காரணங்களைத் தர வேண்டும் என்று 1962-லேயே ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இந்தச் சொல்லில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முதலில், அடைமொழி எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். மனத்தில் முன்கூட்டியே ஒரு முடிவை வைத்திருக்கும் ஆளைச் சொல்ல ‘ப்ரெஜுடிஸ்ட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. ‘ப்ரெஜுடிஷியல்’ பெரும்பாலும் செயல், பேச்சு, செய்தி, சாட்சியம் ஆகியவற்றின் மேல்தான் வரும். வாசிக்கும்போது மூன்றாவது அசையான ‘டி’யில் அழுத்தம் கொடுங்கள்.

அடுத்து, இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ (to) வருகிறதா? வந்தால் பொருள் கேடு, பாதகம். நம் நான்காம் வேற்றுமை அங்கே கச்சிதமாக உட்காரும்: பொது ஒழுங்குக்குக் குந்தகமான, நல்லிணக்கத்துக்குக் குந்தகமான. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 63-ஆம் பிரிவில் நல்லொழுங்குக்கும் ராணுவக் கட்டுப்பாட்டுக்கும் குந்தகமான செயல் என்று வருவதும் இதே அமைப்புதான். ஆனால் எல்லா இடத்திலும் குந்தகத்தையே போடாதீர்கள். பிரிட்டனின் 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்த வாடகை வீடு போன்றவற்றுக்கு இந்தச் சொல் உடல்நலத்தோடு சேர்ந்து வருகிறது. கேடு நடந்திருக்க வேண்டும் என்றில்லை, நடக்க வாய்ப்பிருந்தாலே போதும் என்று அந்தச் சட்டமே விளக்குகிறது. அங்கே ‘உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய’ என்பதுதான் சரி.

‘டு’வுக்குப் பின்னால் நிற்பதையும் மாற்றக் கூடாது. பொது ஒழுங்கு என்று இருப்பதைச் செய்தித்தாள் பழக்கத்தில் ‘சட்டம் ஒழுங்கு’ ஆக்கிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ராம் மனோகர் லோகியாவைப் பிடித்து வைத்த ஆணையில், விதியில் இருந்த பொது ஒழுங்குக்குப் பதிலாகச் ‘சட்டம் ஒழுங்கு’ என்று எழுதியிருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதைச் சின்னப் பிழை என்று விடவில்லை, அவரை விடுவித்தார்கள்.

‘டு’ இல்லாமல் சாட்சியத்தின்மேல் வந்தால்தான் உண்மையான சிக்கல். அரசுத் தரப்புச் சாட்சியம் எல்லாமே குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதகம்தானே? ஆக ‘பாதகமான சாட்சியம்’ என்றால் எதுவும் சொன்னதாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்த்த ஓல்ட் சீஃப் வழக்கைப் பாருங்கள். பழைய குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தும் சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருந்தார் என்பது ஓல்ட் சீஃப் மீதான குற்றச்சாட்டு. ‘தண்டனை பெற்றவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், என்ன குற்றம் என்பதை மட்டும் ஜூரியிடம் சொல்ல வேண்டாம்’ என்றார் அவர். அரசுத் தரப்பு மறுத்தது. பழைய குற்றமோ ஒருவரை அடித்துப் படுகாயப்படுத்தியது. அதைக் கேட்ட ஜூரிக்கு, அன்று அடித்தவன் இன்றும் செய்திருப்பான் என்று தோன்றிவிடும். துப்பாக்கி பற்றிய ஆதாரத்தை அப்புறம் யார் பார்ப்பார்கள்? 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இங்கே ‘முன்முடிவைத் தூண்டும் சாட்சியம்’ என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

வழக்கறிஞர் கடிதத்தின் தலையில் வரும் ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ இந்தக் குடும்பத்துச் சொல்தான். ஆனால் அங்கே பாரபட்சம் என்ற பேச்சே இல்லை. ‘உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.